உங்களுக்குத் தெரியுமா? கிளானின் தலைமையகத்தைப் பறித்த தாய்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு டென்னசி மாநிலத்தின் புலாஸ்கியில் முளைத்த வெள்ளை இனவெறிக் கூட்டம் கு க்ளக்ஸ் கிளான். அதன் பெரும் பிரிவு ஒன்றைத் திவாலாக்கியது, மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் போட்ட வழக்கு.

1981 மார்ச்சில் அலபாமாவின் மொபீல் நகரில், 19 வயது கறுப்பின இளைஞர் மைக்கேல் டொனால்டை இரண்டு கிளான் ஆட்கள் கடத்திக் கொன்று, உடலை மரத்தில் தொங்கவிட்டார்கள். எந்த முன்பகையும் கிடையாது. அவர் கறுப்பர் என்பதே அவர்களுக்குப் போதும். உள்ளூர் போலீஸ் இதைப் போதைப்பொருள் தகராறாகப் பார்த்தது. தாய் பியூலா மே டொனால்ட் விடவில்லை. எஃப்.பி.ஐ. விசாரணையில் கொலையாளிகள் சிக்கினார்கள்.

ஆனால், கொலைவெறியை ஊட்டி வளர்த்த அமைப்பு? சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் வழக்கறிஞர்களின் துணையோடு, கொலையாளிகள் சார்ந்திருந்த கிளான் பிரிவான யுனைடெட் கிளான்ஸ் ஆஃப் அமெரிக்கா மீதே அவர் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தார். 1963இல் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டுவைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றவர்களோடு தொடர்புடைய அமைப்பு அது. 1987இல், வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி 70 லட்சம் டாலர் தரச் சொன்னது. அவ்வளவு பணம் அமைப்பிடம் இல்லை. டஸ்கலூசாவில் இருந்த தலைமையகக் கட்டடமே பியூலாவின் கைக்கு வந்தது. விற்ற பணத்தில் அவர் சொந்த வீடு வாங்கினார்.

இந்த வழி பிறகும் பலித்தது. ஐடஹோ மாநிலத்தில், காரில் சென்ற தாயையும் மகனையும் ஆரியன் நேஷன்ஸ் என்ற நவநாஜிக் கூட்டத்தின் காவலாட்கள் சுட்டுத் தாக்கினார்கள். 2000இல் 63 லட்சம் டாலர் தீர்ப்பு வர, அந்தக் கூட்டம் தன் 20 ஏக்கர் முகாமை இழந்தது.