மூக்கு ஒரு பக்கம், பயணம் ஒரு பக்கம்

மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டதும் நீச்சல் தெரிந்த அண்ணன்கள் எப்படி அக்கரைக்குப் போகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? (நீங்கள் கரையிலேயே நில்லுங்கள்!) எதிரே தெரியும் படித்துறையைப் பார்த்து நேராக நீந்தினால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய் வேறெங்கோ சேர்த்துவிடும். அதனால் தண்ணீர் வரும் பக்கமாகத் தலையைத் திருப்பி நீந்துவார்கள். தலை ஒரு பக்கம் பார்க்கும், ஆள் போய்ச் சேருவது படித்துறைக்கு.

விமானத்துக்கும் இதே பாடுதான். மதுரையிலிருந்து சென்னை வடகிழக்கே இருக்கிறது. ஆடிக் காற்றோ மேற்கிலிருந்து அடிக்கும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தை 50 கிலோமீட்டர் வேகக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வையுங்கள். சும்மா விட்டால் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டர் விலகி, சென்னைக்குப் பதில் வங்கக் கடலுக்கு மேலே இருக்கும்! அதனால் விமானி மூக்கைக் காற்று வரும் பக்கம் சுமார் 6 டிகிரி திருப்பி வைப்பார்.

ஆக, திசைகள் இரண்டு. போர்த்துகீசிய மொழியில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மூக்கு பார்க்கும் திசை 'புரோவா', போக நினைக்கும் திசை 'ரூமோ'. புரோவா என்றால் கப்பலின் முன்முனை. நம் மீனவர்கள் 'அணியம்' என்பார்களே, அதுதான். கடலோடிகளின் சொல் வானத்துக்கு ஏறிவிட்டது. நமக்கும் போர்த்துகீசியக் கடலோடிகள் சொல் தந்திருக்கிறார்கள்: ஜன்னல், சாவி, அலமாரி, மேசை.

காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று நடுக்கடலுக்கு மேலே எப்படித் தெரியும்? அங்கே அடையாளம் சொல்ல மரமா, கோபுரமா? காகோ கூட்டின்யோ, சக்கதூரா கப்ரால் என்ற இரண்டு போர்த்துகீசியர்கள் கடலில் புகை கிளப்பும் மிதவையைப் போட்டார்கள். புகை வாலுக்கு நேர் பின்னால் தெரிந்தால் காற்று தள்ளவில்லை. சாய்வாகத் தெரிந்தால், அந்தச் சாய்வுதான் தள்ளுகிற அளவு. அதை வைத்துத் திசையைத் திருத்த ஒரு கருவியும் செய்தார்கள்.

அந்தக் கருவியோடு 1922 மார்ச் 30 அன்று லிஸ்பனிலிருந்து பிரேசிலுக்குக் கிளம்பினார்கள். வழியில், அட்லாண்டிக் நடுவே, பிரேசில் கரையிலிருந்து 900 கிலோமீட்டருக்கும் அப்பால் துளித்துளியாகச் சில பாறைகள். குறி தப்பாமல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் கடலில் இறங்கும்போது விமானம் சேதமாகி மூழ்கிவிட்டது! இன்னொரு விமானம் வந்தது. அதுவும் கடலில் போயிற்று. மூன்றாவது விமானத்தில்தான் ஜூன் 17 அன்று ரியோ டி ஜெனிரோவைத் தொட்டார்கள்.