உங்களுக்குத் தெரியுமா? தோல் பதனிடும் ஊரும் ஹார்மோனுக்குச் செவிசாய்க்கும் செல்லும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்புக்குள் போனவர்களுக்கு அந்த நிறம் மறக்காது. உப்புப் போட்டு வந்த பச்சைத் தோல், சுண்ணாம்பில் ஊறி முடி நீங்கி, பெரிய மர டிரம்முக்குள் குரோமியம் உப்போடு உருண்டு வெளியே வரும்போது வெளிர் நீலமாக, சொட்டச் சொட்ட இருக்கும். ‘வெட் ப்ளூ’ என்பார்கள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் வாரக்கணக்கில் செய்த வேலையை குரோமியம் ஓரிரு நாளில் முடித்துவிடும். அந்த நீலத்தைத் தருவது குரோமியம்-3. அது செல்லுக்குள் அவ்வளவு எளிதில் நுழையாது. பயப்பட வேண்டியது குரோமியம்-6. அது குரோமேட்டாக இருக்கும்போது சல்பேட்டின் வடிவத்தையே ஒத்திருக்கிறது. செல்லின் சவ்வில் சல்பேட்டுக்கென்று உள்ள வழியிலேயே குரோமேட்டும் உள்ளே போய்விடும்.

●

ராணிப்பேட்டையில் குரோமியம் உப்புகள் தயாரித்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு 2 லட்சம் டன்னுக்கும் மேல். 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களைப் பட்டியல் போட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது.

●

அந்த குரோமியம் ஹார்மோன்களை என்ன செய்கிறது என்று உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் சென்னை தரமணியில்தான் இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் உட்சுரப்பியல் துறைப் பேராசிரியராக இருந்த மைக்கேல் அருள்தாஸும் அவருடைய மாணவர்களும்தான் அவர்கள். ஒரு ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அதைப் பெறும் செல் என்ன செய்கிறது என்றும் பல ஆண்டுகள் துருவினார்கள். இவ்வளவு பெரிய பணி வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டப் பள்ளி மாணவர்களுக்கே தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

●

நம் கோயில் படிகளில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக் குரங்குதான் அந்தச் சோதனைகளில் ஒன்றின் நாயகன். வளர்ந்த ஆண் குரங்குகளுக்கு 6 மாதம் குரோமியம்-6 கலந்த குடிநீர் தரப்பட்டது. விந்தணு உருவாகும் நுண்குழாய்களில், முதிராத செல்கள் பாதியிலேயே கழன்று உள்ளே குவிந்துகிடந்தன. செல்லுக்குள் குரோமியம்-6 குரோமியம்-3 ஆக மாறும்போது கிளம்பும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தோடு இந்தச் சேதம் சேர்ந்தே வந்தது. 2005-ல் இது ‘ஹியூமன் ரீப்ரொடக்ஷன்’ இதழில் வெளியானது. தரப்பட்ட அளவு குடிநீருக்கான வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே இதை அப்படியே ஊர்க் கிணற்றுக்குப் பொருத்திவிடக் கூடாது. சேதம் எந்த வழியில் நடக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

இன்னொரு வியப்பும் கிடைத்தது. அடைப்பு ஏற்பட்ட விந்தக மேல்சுருள் நாளத்தின் சுவரில், செல்களுக்கு நடுவே மெல்லிய புதுக் கால்வாய்கள் உருவாகியிருந்தன. தடைபட்ட விந்தணுக்களுக்கு உடல் தானே ஒரு மாற்றுப் பாதையை அமைத்துக்கொள்கிறது என்று 2004-ல் இந்தக் குழு எழுதியது. நுண்ணோக்கியில் முதன்முதலாக அதைப் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

●

வைட்டமின் சி சேர்த்துக் கொடுத்த குரங்குகளுக்கு அந்த ஆக்சிஜனேற்ற அழுத்தம் வரவில்லை. குரோமியத்தை நிறுத்தி 6 மாதம் விட்டுவைத்தவையும் தேறின. இதைப் படித்துவிட்டு மாத்திரை வாங்க ஓட வேண்டாம். தண்ணீரைச் சுத்தமாகத் தருவதுதான் அரசும் ஆலைகளும் செய்ய வேண்டியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பாகச் சொன்னது: மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும்.

●

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு 2008-ல் வந்தது. அதை முன்னின்று எழுதியவர் சகிலா பானு. தரமணியில் பயின்று, பிறகு அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். பாலூட்டும் தாய் எலிகளின் தண்ணீரில் குரோமியம்-6 கலந்தார்கள். குட்டிகளுக்குக் கிடைத்தது தாய்ப்பால் மட்டும்தான். ஆனாலும் பெண் குட்டிகள் பருவமடைவது தள்ளிப்போனது. அவற்றின் ரத்தத்தில் ஈஸ்ட்ரடையாலும் புரொஜெஸ்டிரோனும் குறைந்திருந்தன. ஆனால் சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் கூடியிருந்தது!

தூண்டும் ஹார்மோன் கூடியும் சினைப்பை ஏன் சோர்ந்துகிடக்க வேண்டும்? தனியே வளர்த்த சினைப்பைச் செல்களில் குரோமியத்தை விட்டுப் பார்த்தார்கள். எஃப்எஸ்ஹெச்சைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணுச் செய்தி குறைந்திருந்தது. எல்ஹெச், ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளின் கதையும் அதுதான். தலைமைச் சுரப்பியான பிட்யூட்டரி உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, சினைப்பைக்குக் காது மந்தமாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஒரு ஹார்மோனின் அளவை மட்டும் பார்த்து ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

●

தைராய்டு புற்றுநோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஏன்? இந்தக் கேள்வியையும் தரமணிக் குழு விடவில்லை. தைராய்டு செல்லைத் தூண்டுவது டிஎஸ்ஹெச் என்பது பாடப்புத்தகம். டெஸ்டோஸ்டிரோனும் ஈஸ்ட்ரடையாலும் டிஎஸ்ஹெச்சின் துணை இல்லாமலே தைராய்டு புற்றுச் செல்களின் பெருக்கத்தை மாற்றுகின்றன என்பது 2001-ல் அவர்கள் காட்டியது. பிறகு நோயாளிகளின் தைராய்டுத் திசுக்களிலேயே பாலின ஹார்மோன் ஏற்பிகளைத் தேடிப்போனார்கள்.

●

மேலே சொன்ன எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், டிஎஸ்ஹெச் மூன்றும் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளியே ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே செய்தியைக் கொண்டுபோவது சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு. அதைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது. சைக்ளிக் ஏஎம்பி உருவாவது ஏடிபியிலிருந்து. அந்த ஏடிபியை 1929-ல் ஹார்வர்டில் ஃபிஸ்க்கோடு சேர்ந்து கண்டறிந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருக்கு நோபல் கிடைக்கவில்லை.

●

வேலூருக்கே திரும்புவோம், இந்த முறை இன்சுலினுக்காக. ஒல்லியான உடல், இளம் வயது, சிறு வயதில் பட்டினி. இப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்தால் அது முதல் வகையா, இரண்டாம் வகையா என்று மருத்துவர்களே குழம்பினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985-ல் இதைத் தனி வகையாக ஏற்றது, 1999-ல் நீக்கிவிட்டது.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் நிஹால் தாமஸ் குழுவும் நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸும் அந்த நோயாளிகளை நேரடியாகச் சோதித்தார்கள். ரத்தத்தில் இன்சுலினையும் குளுக்கோஸையும் அளந்து அளந்து ஏற்றி, உடல் எவ்வளவு குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது என்று கணக்கிட்டார்கள். 2022-ல் வந்த முடிவு பலர் நினைத்ததற்கு நேர்மாறு. இரண்டாம் வகை நோயாளிகளோடு ஒப்பிட்டால், இவர்களுடைய செல்கள் இன்சுலினை நன்றாகவே கேட்கின்றன. குறை, கணையம் சுரக்கும் அளவில்தான். அதனால் இவர்களை முதல் வகை என்று எண்ணி இன்சுலினை அள்ளிக் கொடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ‘ஐந்தாம் வகை’ என்று ஏற்றுக்கொண்டது.