பத்து சென்ட் காமிக்ஸ் பல கோடி ஆன கதை தெரியுமா?

படித்து முடித்ததும் தூக்கிப் போடட்டும் என்றே அச்சிட்ட புத்தகம் அது. மட்டமான தாள், நடுவில் இரண்டு பின், விலை 10 சென்ட். 1938-ல் அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளுக்கு வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ்! அதன் ஒரே ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் சுமார் 50 கோடி ரூபாய்! சிறுவர் படக்கதைக்கு இப்படி ஒரு விலை எப்படி வந்தது? யார் சேர்க்கிறார்கள், எதற்காகச் சேர்க்கிறார்கள்? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சூப்பர்மேனை எவ்வளவுக்கு விற்றார்கள் தெரியுமா?

வெறும் 130 டாலர்! கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள் இருவர். ஜெரி சீகல் கதை எழுத, ஜோ ஷஸ்டர் படம் வரைய, பிறந்தவன்தான் அந்த முதல் இதழில் வந்த சூப்பர்மேன். பல பதிப்பாளர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அந்த நாயகனை முழு உரிமையோடு 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டாலருக்கு ஒரு செக் வந்தது. அதில் இருவர் பெயரிலும் எழுத்துப் பிழை! அதனால் செக்கின் பின்பக்கம் தப்பான பெயரில் ஒரு முறை, சரியான பெயரில் ஒரு முறை என்று இரண்டு தடவை கையெழுத்துப் போட வேண்டி வந்தது. பிற்காலத்தில் அந்த இருவரும் தங்கள் உரிமைக்காகக் கோர்ட் படி ஏறி இறங்கினார்கள். அந்தச் செக் மட்டும் 2012-ல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது!

அந்த முதல் இதழ் அச்சானது சுமார் 2 லட்சம். மிஞ்சியது எத்தனை தெரியுமா?

சுமார் நூறு பிரதிகள்தான் என்கிறார்கள் இந்தத் துறையில் ஊறியவர்கள்! மற்றதெல்லாம் எங்கே போயின? கையிலிருந்து கைக்கு மாறிக் கிழிந்தவை பல. வீட்டைச் சுத்தம் செய்த அம்மாக்கள் குப்பையில் போட்டவை பல. இரண்டாம் உலகப் போரின்போது பழைய தாள் திரட்டும் இயக்கம் அமெரிக்கா முழுக்க நடந்தது. நாட்டுக்காகச் சிறுவர்களே தங்கள் காமிக்ஸ் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். போர் முடிந்த பிறகு, காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு பயம் பரவியது. 1948-ல் சில ஊர்களில் காமிக்ஸைக் குவித்து வைத்துக் கொளுத்தவே செய்தார்கள்! 1954-ல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் காமிக்ஸுக்கு எதிராக ஒரு புத்தகமே எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க செனட் குழு விசாரணையும் நடத்தியது. இத்தனைக்கும் தப்பியவைதான் இன்று கோடிகளில் நிற்கின்றன.

டென்வர் வீட்டில் கிடைத்த புதையல் தெரியுமா?

அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியர். கடைக்குப் போய் காமிக்ஸ் வாங்குவார், வீட்டில் அடுக்கி வைப்பார். அவ்வளவுதான்! 1977-ல் சக் ரொஸான்ஸ்கி என்ற இளம் காமிக்ஸ் வியாபாரி அந்த வீட்டுக்குள் போனபோது 16,000-க்கும் அதிகமான இதழ்கள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. முப்பது, நாற்பது ஆண்டு பழைய புத்தகங்கள், ஆனால் தாள் வெள்ளை வெளேர் என்று இருந்தது! எப்படி? மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது தாளைப் பழுப்பாக்கும், அமிலம் சேர்ந்து தாள் நொறுங்கும். டென்வரில் ஈரப்பதம் குறைவு. புத்தகங்களோ ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி, நடுவில் காற்றுப் புகவே இடமில்லாமல் இருந்தன. ‘மைல் ஹை’ தொகுப்பு என்று பெயர் பெற்ற இந்தப் புதையலிலிருந்து வரும் எந்தப் பிரதிக்கும் இன்றும் தனி மவுசு!

ஒரு கிழிசலின் விலை தெரியுமா?

75,000 டாலர்! அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒருவர் 10,100 டாலருக்குப் பாழடைந்த வீடு ஒன்றை வாங்கினார். சுவரை இடித்தால், குளிர் தாங்க உள்ளே திணித்திருந்த பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ்! பரபரப்பில் உறவினர் ஒருவர் அதை வெடுக்கென்று பிடுங்க, பின் அட்டை கிழிந்துவிட்டது. அந்த ஒரு கிழிசலால் மதிப்பு சுமார் 75,000 டாலர் குறைந்தது என்று ஏலம் நடத்தியவர்கள் கணக்குச் சொன்னார்கள். அன்றைய மதிப்பில் 40 லட்சம் ரூபாய்க்கும் மேல்! அப்படியும் 2013-ல் 1,75,000 டாலருக்கு விலை போனது; வீட்டு விலையைப் போலப் பதினேழு மடங்கு!

காமிக்ஸுக்கும் மார்க் போடுகிறார்கள், தெரியுமா?

2000-ல் தொடங்கிய சி.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு இதுதான் தொழில். புத்தகத்தை அனுப்பினால் பக்கங்களை எண்ணுவார்கள், பின் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், தாளின் வெண்மையைப் பார்ப்பார்கள். முதுகு மடிப்பில் வண்ணம் விட்டுப்போன மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தாலும் மார்க் குறையும். 0.5 முதல் 10 வரை மதிப்பெண். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே லேபிள் ஒட்டித் தருவார்கள். வண்ணம் போன இடத்தில் யாராவது மை தீட்டிச் சரிசெய்திருந்தால் ஊதா லேபிள் விழும், விலையும் விழும்! ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த ‘அமேசிங் ஃபேன்டசி’ 15-ஆம் இதழ் 1962-ல் 12 சென்ட். 9.6 மதிப்பெண் பெற்ற பிரதி 2021-ல் 36 லட்சம் டாலருக்குப் போனது. அதே இதழ் நைந்து கிழிந்திருந்தால் சில பத்தாயிரம் டாலரோடு நின்றுவிடும்!

பத்து லட்சம் டாலர் சாதனை எத்தனை நாள் நின்றது தெரியுமா?

மூன்றே நாள்! 2010 பிப்ரவரி 22 அன்று ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் ஒன்று 10 லட்சம் டாலருக்கு விற்று, உலகமே வாயைப் பிளந்தது. 25-ஆம் தேதி, பேட்மேன் அறிமுகமான 1939-ஆம் ஆண்டு ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-ஆம் இதழ் 10,75,500 டாலருக்கு விற்று அதை முந்தியது. அடுத்த மாதமே இன்னொரு ‘ஆக்‌ஷன்’ பிரதி 15 லட்சத்தைத் தொட்டது! நாயகன் முதன்முதலில் தலைகாட்டும் இதழுக்குத்தான் இந்த மதிப்பெல்லாம்.

திருட்டுப் போனதால் விலை குறைந்ததா?

இல்லவே இல்லை! ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜிடம் இருந்த ‘ஆக்‌ஷன்’ முதல் இதழ் 2000-ல் அவர் வீட்டிலிருந்து திருட்டுப் போனது. பதினோரு ஆண்டு கழித்து, கலிஃபோர்னியாவில் பழைய சாமான்கள் போட்டு வைக்கும் வாடகை அறை ஒன்றிலிருந்து வெளியே வந்தது. 2011 நவம்பரில் 21.6 லட்சம் டாலருக்கு விற்றது!

அசல் மாதிரியே இருக்கும், ஆனால் அசல் இல்லை! தெரியுமா?

1974-ல் சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டி.சி. நிறுவனமே ‘ஆக்‌ஷன்’ முதல் இதழைப் பெரிய அளவில் மறுபதிப்பு செய்தது. மேலே போட்ட கூடுதல் அட்டையை உரித்துவிட்டால் உள்ளே அசல் அட்டை அப்படியே! அதை வைத்து ஏமாற்றிய கில்லாடிகள் உண்டு. அசலைவிட அளவில் ரொம்பப் பெரியது என்பதுதான் காட்டிக்கொடுக்கும் அடையாளம். 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் இதழின் விலை 30 சென்ட். விலையேற்றத்தைச் சோதித்துப் பார்க்கச் சில ஊர்களில் மட்டும் 35 என்று அச்சிட்டு விற்றார்கள். அந்த ஐந்து சென்ட் வித்தியாசத்துக்காக இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொட்டுகிறார்கள்! ஆனால் பிறகு வந்த மறுபதிப்புகளிலும் 35 என்றே இருக்கும். அவசரப்பட்டால் ஏமாந்து போவோம்!

சூப்பர்மேன் செத்ததால் பணக்காரர் ஆனவர் யார் தெரியுமா?

வாங்கி வைத்தவர்கள் இல்லை! 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறந்துபோகும் ‘சூப்பர்மேன்’ 75-ஆம் இதழ் வந்தது. கறுப்புப் பைக்குள் போட்டு, பைமேல் ரத்தம் வழியும் எழுத்து. வரிசையில் நின்று ஆளுக்கு ஐந்து, பத்து என்று வாங்கினார்கள். பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று பையைப் பிரிக்காமலே பூட்டி வைத்தார்கள். 60 லட்சத்துக்கும் மேல் விற்றது! அதற்கு முந்தைய ஆண்டு ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. எல்லார் வீட்டிலும் புத்தம் புதிதாக இருக்கும் புத்தகத்தை யார் விலை கொடுத்து வாங்குவார்? சந்தை சரிந்தது. கடைகள் மூடின. 1996 டிசம்பரில் ‘எக்ஸ்-மென்’ வெளியிட்ட மார்வெல் நிறுவனமே திவால் மனு போட்டது!

இப்போது இதையும் கேளுங்கள். 1984-ல் கெவின் ஈஸ்ட்மேன், பீட்டர் லெயர்ட் என்ற இருவர் கடன் வாங்கி, சொந்தமாகக் கறுப்பு வெள்ளையில் ‘நிஞ்ஜா டர்டில்ஸ்’ அச்சிட்டார்கள். போட்டது மூவாயிரம் பிரதி சொச்சம். பத்திரப்படுத்த வேண்டும் என்று அன்றைக்கு எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? மிக நல்ல நிலையில் உள்ள பிரதி லட்சம் டாலருக்கு மேல் விலை போயிருக்கிறது!

நம்ம தமிழ் காமிக்ஸுக்கும் தேடல் உண்டு, தெரியுமா?

1972-ல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’ கதையோடு புறப்பட்டது முத்து காமிக்ஸ். 1984-ல் லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் ராணி காமிக்ஸ். வகுப்பறையில் கைமாறி, முழுப் பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போன புத்தகங்கள்! மாயாவி கதைகள் மறுபதிப்பாக வந்த பிறகும் அந்தப் பழைய அச்சையே தேடி அலைகிறார்கள் ரசிகர்கள். அன்று பத்து வயதில் கையில் பிடித்த அதே தாள், அதே அட்டைதான் அவர்களுக்கு வேண்டும்.

அம்மாவின் பரண் தந்த 80 கோடி தெரியுமா?

வடக்குக் கலிஃபோர்னியாவில் மறைந்த தாயின் வீட்டைச் சகோதரர்கள் மூவர் ஒழித்தார்கள். பரணில் ஒரு பெட்டி, அதில் பழைய செய்தித்தாள்கள், அவற்றுக்கு அடியில் காமிக்ஸ்! சிறுமியாக இருந்தபோது அந்த அம்மாவும் அவருடைய சகோதரரும் ஆசை ஆசையாக வாங்கியவை. அதில் 1939-ஆம் ஆண்டு ‘சூப்பர்மேன்’ முதல் இதழும் இருந்தது. 2025 நவம்பரில் அது போன விலை 91.2 லட்சம் டாலர். சுமார் 80 கோடி ரூபாய்!

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது. லாபத்துக்காக லட்சம் பேர் பூட்டி வைத்தது விலை போகவில்லை. ஆசைக்காக யாரோ ஒருவர் வைத்திருந்தது கோடிக்குப் போனது. ஆகவே உங்கள் வீட்டில் பழைய காமிக்ஸ் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், வெயிலும் ஈரமும் படவிடாதீர்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால், விலை ஏறாமலே போனாலும் வருத்தப்படாத, உங்களுக்கு உயிருக்கு உயிரான கதையை வாங்குங்கள். முதலில் அதைப் படியுங்கள்!