கணினிக் காவல் – 9: கானாவில் கரண்ட் போன நேரம்

2017 ஜூன் 27. கோபன்ஹேகனில் மேர்ஸ்க் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. 300 டாலர் பெறுமான பிட்காயின் கேட்டுச் சிவப்பு எழுத்தில் மிரட்டல். கன்டெய்னர் கப்பல் தொழிலில் அன்றைக்கு உலகிலேயே பெரிய நிறுவனம் அது. பல நாட்டுத் துறைமுக வாசல்களில் லாரிகள் தேங்கின. மும்பையை ஒட்டிய நவஷேவா துறைமுகத்தில் அவர்கள் நடத்திய முனையமும் முடங்கியது.

வந்தது, கோப்புகளைப் பூட்டும் நாட்பெட்யா என்ற நச்சுநிரல். உக்ரைனில் வரிக்கணக்குத் தாக்கலுக்குப் பயன்படும் எம்.ஈ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட்டுக்குள் ஒளிந்து வந்தது. கணினிக்குக் கணினி அது பரவப் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. ஆனால் ஒரு கணினியில் புகுந்தவுடன் அதன் நினைவகத்தில் கிடக்கும் பாஸ்வேர்டுகளைத் திருடி, அப்டேட் செய்த கணினிகளையும் திறந்துவிட்டது. பணம் கட்டியும் பயனில்லை. கேட்டது பணம்தான் என்றாலும் அதன் வேலை அழிப்பது. பூட்டைத் திறக்கும் வழியையே அது வைத்திருக்கவில்லை.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. யார் உள்ளே வரலாம், யாருக்கு எந்தக் கோப்பு என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்கள் மேர்ஸ்க்கிடம் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என்று ஒன்றுக்கொன்று நகலாக வைத்திருந்தார்கள். எல்லாமே ஒரே நாளில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. போயின. கானா அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதலுக்கு முன்பே அங்கே கரண்ட் போயிருந்ததால் அது நெட்வொர்க்கிலேயே இல்லை. மின்வெட்டுக்கு நன்றி சொன்ன ஒரே கம்பெனி இதுவாகத்தான் இருக்கும்.

அதிலிருந்த தகவலை, மீட்பு வேலை நடந்த பிரிட்டனுக்கு இன்டர்நெட்டில் அனுப்பப் பார்த்தார்கள். இணைப்பின் வேகத்துக்கு நாள்கணக்கில் ஆகும். கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் ஹார்ட் டிஸ்கோடு நைஜீரியா போய், விமான நிலையத்தில் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் லண்டனுக்குப் பறந்தார். 10 நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவியதாக மேர்ஸ்க்கின் அப்போதைய தலைவர் ஸ்னாபே பிறகு தாவோஸில் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

150 நகல் இருந்தும் பேக்கப் என்று ஒன்று இல்லை. நம் கடைகளிலும் வீடுகளிலும் இதே கதைதான். டேலி கணக்கைச் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே கணினிக்குள் இருக்கின்றன. பூட்ட வருகிறவன் இரண்டையும் பூட்டுவான். எப்போதும் செருகியே கிடக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை பூட்டிய கோப்பையும் விசுவாசமாக மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்புகளை அவை சில காலம் வைத்திருப்பது ஒரு ஆறுதல்.

ஆகவே இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிச் செருகி, காப்பி முடிந்ததும் கழற்றுங்கள். ஒன்று கடையில் இருந்தால் மற்றது வீட்டில் இருக்கட்டும். அவ்வப்போது நாலைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

வீட்டுக் கணினிகளை அதிகம் பதம் பார்த்த ஸ்டாப் வகை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பெரும்பாலும் 'கிராக்' செய்த மென்பொருளோடுதான் வருகிறது. ஓசியில் போட்ட போட்டோஷாப்புக்குக் கல்யாண ஆல்பங்கள் எல்லாம் விலையாகும்.

மாட்டிக்கொண்டால் முதலில் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கி, வைஃபையை அணையுங்கள். பேக்கப் டிஸ்கை அந்தக் கணினியில் செருகவே கூடாது. சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் சொல்லுங்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசமாகவே சாவி கிடைக்கும். உங்கள் வகைக்கு இன்று இல்லையென்றாலும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு டிஸ்கில் போட்டு வையுங்கள். காண்ட்கிராப் என்ற ரான்சம்வேர் பூட்டியவற்றுக்குப் பிற்பாடுதான் சாவி வந்தது. ஆத்திரத்தில் ஃபார்மட் அடித்தவர்களுக்கு அதனால் லாபமில்லை.