புழுவெட்டை அளப்பது எப்படி?

தலையில் காசளவுக்கு வட்டமாக முடி கொட்டி, அந்த இடம் வழவழவென்று தெரிவதே புழுவெட்டு. பெயரில்தான் புழு இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் முடியின் வேரையே தாக்குவதால் இது வருகிறது, யாருக்கும் தொற்றாது. வேர்ப்பை அழியாததால் முடி மறுபடி முளைக்கவும் கூடும்.

முடி எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று கண்மதிப்பில் பார்த்தால், ஒரு மருத்துவருக்குக் கொஞ்சமாகப் படுவது இன்னொருவருக்கு அதிகமாகப் படும். இதற்காக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் எலிஸ் ஓல்சன் குழுவினர் 2004இல் வெளியிட்ட முறை 'சால்ட்'. உச்சந்தலைக்கு 40 புள்ளி, பின்தலைக்கு 24, வலம் இடம் இரண்டுக்கும் தலா 18. உச்சியில் பாதி முடி போயிருந்தால் 20, இடப்பக்கம் கால்வாசி போயிருந்தால் 4.5, மொத்தம் 24.5. தலையில் ஒரு முடியும் இல்லையென்றால் 100.

புள்ளி 50ஐ எட்டினால் நோய் கடுமை. 2022 ஜூனில் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்ற பாரிசிட்டினிப் மாத்திரை அத்தகைய நோயாளிகளிடமே சோதிக்கப்பட்டது. புள்ளி 20க்கு இறங்கினால் பலன் என்று கொள்ளப்பட்டது.

இலங்கையின் ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "கூடைக் கயிறு தலையில எங்கம்மா விழும்?" கொழுந்து பறிக்கும் பெண்கள் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடையை முதுகில் சுமக்கிறார்கள். வருடக்கணக்கில் கயிறு அழுத்தி உராயும் இடத்தில் முடி மெலிந்துபோகும். அந்த இடம் இருப்பதோ 40 புள்ளிகள் கொண்ட உச்சியில். அந்த மெலிவையும் புழுவெட்டோடு கூட்டினால், உழைப்பின் தழும்பு நோயின் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டையும் பிரித்தறியலாம். கயிற்றுத் தடம் பட்டையாகக் குறுக்கே ஓடும். புழுவெட்டு பெரும்பாலும் வட்டமாக இருக்கும். நோய் பரவும்போது வட்டத்தின் ஓரத்தில், அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் ஆச்சரியக்குறி போல நிற்கும். சிலருக்கு நகங்களில் ஊசி குத்தியதுபோலச் சிறு குழிகள் இருக்கும். மருத்துவமும் வேறு: சிறிய புழுவெட்டுக்கு அந்த இடத்திலேயே ஸ்டீராய்ட் ஊசி, கயிற்றால் மெலிந்த முடிக்கு முதலில் அந்த அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

புருவமும் இமைமுடியும் சால்ட் கணக்கில் வராது. ஒரு பெண்ணுக்கு இரண்டு புருவமும் உதிர்ந்து, தலையில் 10 புள்ளி மட்டும் வந்தால், அந்த 10 அவளுடைய வேதனையின் அளவாகாது. ஆகவே மருத்துவர்கள் புருவத்தையும் இமையையும் தனியே குறித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முடியை வகிடெடுத்து, அதே நான்கு பக்கங்களையும் படம் பிடித்து, முந்தைய படத்தோடு வைத்துப் பார்க்கிறார்கள்.