இல்லையென்று சொல்லி வென்ற பாட்டு

காதலே இல்லையென்று அடித்துக் கூறும் ஒரு காதற்பாட்டு, 1975ஆம் ஆண்டில் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் டென் சிசி என்னும் நால்வர் குழு பதிவு செய்த 'ஐம் நாட் இன் லவ்' என்பதே அது. மெல்லிய ராக் வகையைச் சார்ந்த பாட்டு.

இதன் கரு எரிக் ஸ்டூவர்ட்டின் இல்லத்தில் பிறந்தது. அன்பை அவர் அடிக்கடி வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது மனைவியாரின் குறை. நாள்தோறும் சொன்னால் அச்சொல் தேய்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். ஆகவே சொல்லாமற் சொல்லும் வழியைத் தேடினார். பாட்டில் வரும் ஆடவன் மறுக்க மறுக்க அவன் காதல் வெளிப்படுகிறது. எதிர்மறை உடன்பாட்டுப் பொருள் தருவது தமிழாசிரியர்க்குப் புதிதன்று. ஆயினும் ஆறு நிமிடப் பாட்டு முழுவதையும் அதன்மேல் நிறுத்துவது எளிதன்று.

கிரஹாம் கோல்ட்மனுடன் சேர்ந்து அவர் இயற்றிய இப்பாட்டு, முதலில் பொஸ்ஸநோவா என்னும் பிரேசில் நாட்டுத் தாளத்தில் பதிவாயிற்று. குழுவினருள் கெவின் காட்லிக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. பதிவையே அழித்துவிட்டனர். ஆனால் ஒலிப்பதிவு நிலையத்துப் பணியாளர்கள் அம்மெட்டை முணுமுணுத்துத் திரிவதை ஸ்டூவர்ட் கவனித்தார். மீண்டும் முயல்வோம் என்றபோது, கருவிகளை விடுத்து மனிதக் குரல்களாலேயே அமைக்கலாம் என்று வழி கூறியவர் அதே காட்லி! பழித்தவரே உயிர் கொடுத்தார்.

ஸ்டூவர்ட் பதிவு செய்ய, ஏனைய மூவரும் ஒவ்வொரு சுரத்தையும் 'ஆ' என்று பதினாறு முறை பாடினர். சுரம் ஒன்றுக்கு 48 குரல்கள். வேலை மூன்று வாரம் நீண்டது. பின்னர் ஒலிநாடாவை முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி ஓயாது சுழலவிட்டனர். பதிவுப் பலகையின் விசைகளை ஏற்றியும் இறக்கியும் சுரங்களை இசைத்தனர், பலகையே ஆர்மோனியமாயிற்று. எச்சுரமும் அடியோடு ஓயாதவாறு விசைகளின் கீழ்ப்பகுதியில் ஒட்டுநாடாவைத் தடையாக ஒட்டி வைத்தனர். பாட்டின் அடியில் மூடுபனிபோல் ஓர் ஒலி தவழ்வது இதனாலேதான்.

1975 மே மாதத்தில் இசைத்தட்டு வெளிவந்தது. வானொலியார் விரும்புவதோ மூன்று நான்கு நிமிடப் பாட்டு. அப்படியிருந்தும் ஜூன் இறுதியில் பிரிட்டனில் முதலிடம் ஏறி, இரு வாரம் நின்றது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியல், விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணிப்பது. அங்கே மூன்று வாரம் இரண்டாமிடத்திலேயே நின்றுவிட்டது. தடுத்தது ஒரே பாட்டன்று. வாரத்துக்கு ஒன்றாக மூன்று: வான் மெக்காயின் 'தி ஹசில்', ஈகிள்ஸ் குழுவின் 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்', பீ ஜீஸ் குழுவின் 'ஜைவ் டாக்கின்'. முதலும் மூன்றாவதும் ஆட்டத்துக்கென்றே எழுந்தவை. இதிலோ நெஞ்சத் துடிப்பையொத்த மெல்லிய தாளமே உண்டு. ஆடும் கால்களுக்கு அது போதாது.

அடுத்த ஆண்டே காட்லியும் லால் கிரீமும் குழுவை விட்டு நீங்கினர்.