எழுபது இருக்கைகளின் கணக்கு

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஓமலூரைத் தாண்டிக் காமலாபுரம் என்னும் ஊர் உள்ளது. கிழக்கே சேர்வராயன் மலைத்தொடரும் சுற்றிலும் வேளாண் நிலங்களும் சூழ்ந்த இவ்விடத்தில்தான் சேலம் விமான நிலையம் அமைந்திருக்கிறது. 1993ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்நிலையத்தின் வரலாறு சற்று வியப்புக்குரியது. தொடக்கத்தில் சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. நிறுவனம் இங்கு விமானம் இயக்கியது. போதிய பயணிகள் இன்மையால் அச்சேவை விரைவிலேயே நின்றுபோயிற்று. பல ஆண்டுகள் ஓடுபாதை வெறுமையாகக் கிடந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் நிறுவனம் சென்னைக்கு விமானம் இயக்கத் தொடங்கியது. 2011இல் அதுவும் நின்றது. 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் வந்தது. 2021இல் அதன் சேவையும் முடிவுற்றது. 2023 அக்டோபர் 16 அன்று அலையன்ஸ் ஏர் நிறுவனமும், அதே மாத இறுதியில் இண்டிகோ நிறுவனமும் மீண்டும் பறக்கத் தொடங்கின.

முப்பது ஆண்டுகளில் நான்கு தொடக்கங்கள், மூன்று நிறுத்தங்கள். சேலம் சிற்றூர் அன்று. உருக்காலையும் சேகோ ஆலைகளும் வெள்ளிக்கொலுசுப் பட்டறைகளும் நெசவுத்தொழிலும் நிறைந்த மாநகரம். அப்படியிருந்தும் விமானங்கள் ஏன் வருவதும் போவதுமாக இருக்கின்றன? இதற்கான விடை வானில் இல்லை, கணக்கேட்டில் இருக்கிறது.

லாரிக்காரர் அறிந்த கணக்கு

விமானத் தொழிலின் பொருளியலை நாமக்கல் மாவட்டத்தாருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. லாரித் தொழிலும் கூண்டு கட்டும் பட்டறைகளும் செழித்த மண் அது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத் தவணை கட்டியே ஆகவேண்டும் என்பது ஒவ்வொரு லாரி உரிமையாளருக்கும் தெரியும். காப்பீடு, சாலை வரி, ஓட்டுநர் ஊதியம் ஆகியன சுமையின் அளவைப் பார்த்துக் குறைவதில்லை. போகும்போது முழுச் சுமை கிடைத்தாலும் திரும்பும்போது ‘ரிட்டர்ன் லோடு’ கிடைக்காவிட்டால் அந்த நடையில் இலாபம் இல்லை.

விமானமும் இத்தகையதே. ஆனால், லாரியில் ஏற்றப்படாத சரக்கை மறுநாள் ஏற்றலாம். விமானத்தில் காலியாகப் பறந்த இருக்கையை மறுநாள் விற்க முடியாது. கதவு மூடப்பட்ட நொடியில் அதன் மதிப்பு அழிந்துவிடுகிறது. பெரும்பாலான விமானங்கள் குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. குத்தகைத் தொகையை டாலரில் செலுத்த வேண்டும். ரூபாயின் மதிப்பு சரிந்தால், ஒரு பயணிகூடக் குறையாமலேயே செலவு ஏறிவிடும். இந்திய விமான நிறுவனங்களின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக எரிபொருளுக்கே செல்கிறது.

சிறிய விமானத்திற்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல். எழுபது பேர் அமரும் விமானத்துக்கும் இரண்டு விமானிகள் வேண்டும்; நூற்று எண்பது பேர் அமரும் விமானத்துக்கும் இரண்டு விமானிகளே போதும். வானொலித் தொடர்பு, தரைப்பணியாளர், பாதுகாப்புச் சோதனை எனப் பலவும் இருக்கைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சுருங்குவதில்லை.

விளக்கத்திற்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இவை உண்மைச் செலவுகள் அல்ல; எளிதில் புரிவதற்காகக் கொள்ளப்பட்ட எண்கள். 72 இருக்கை விமானம் ஒரு நடை பறக்க ரூ.1,35,000 செலவாகிறது என்க. 180 இருக்கை விமானத்திற்கு அதே தொலைவுக்கு ரூ.2,70,000 ஆகிறது என்க. முன்னதில் ஓர் இருக்கைக்கு ரூ.1,875 செலவு, பின்னதில் ரூ.1,500 மட்டுமே. சராசரிக் கட்டணம் ரூ.2,500 என்றால், சிறிய விமானத்தில் 54 பேர் ஏறினால் செலவு ஈடாகும்; அதாவது நான்கில் மூன்று பங்கு இருக்கைகள் நிறைய வேண்டும். பெரிய விமானத்திற்கு 108 பேர் தேவை. அது ஐந்தில் மூன்று பங்குதான். இதுவரை பார்த்தால் பெரிய விமானமே சிறந்ததாகத் தோன்றும்.

அன்றாடம் அந்த ஊரில் விமானம் ஏற வருவோர் 60 பேர் மட்டுமே என்றால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. வருவாய் இரண்டுக்கும் ரூ.1,50,000. சிறிய விமானம் ரூ.15,000 மிச்சம் காட்டும். பெரிய விமானம் ரூ.1,20,000 இழக்கும். சிறு நகரங்களுக்குச் சிறிய விமானங்கள் வருவதன் அடிப்படைக் காரணம் இதுவே. அதே 60 பேர் 45 ஆகக் குறைந்தால் சிறிய விமானமும் ஒவ்வொரு நடைக்கும் ரூ.22,500 இழக்கும் என்பதையும் மறந்துவிடலாகாது. இலாபத்துக்கும் இழப்புக்கும் இடையே நிற்பவர்கள் ஏழெட்டுப் பயணிகளே.

விசிறியா, ஜெட்டா?

காமலாபுரத்தில் இறங்கும் ஏ.டி.ஆர். 72 வகை விமானத்தின் இறக்கைகளில் பெரிய விசிறிகள் சுழல்வதைக் காணலாம். பிரான்சும் இத்தாலியும் இணைந்து உருவாக்கிய இவ்விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஜெட் விமானமோ 800 கிலோமீட்டரைத் தொடும். விசிறி விமானத்தைப் பழைய காலத்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். ஜெட் விமானம் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுவது வளி அடர்த்தி குறைந்த உயரத்தில்தான். சேலம்–சென்னை போன்ற குறுந்தொலைவில் அவ்வுயரத்தை எட்டிச் சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். அத்தொலைவில் ஜெட் விமானம் மிச்சப்படுத்தும் நேரம் சில நிமிடங்களே. அதற்கு அது எரிக்கும் எண்ணெயோ மிகுதி.

அமெரிக்கா இப்பாடத்தைப் பெரும் பொருட்செலவில் கற்றது. 1990களில் எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோது அங்குள்ள நிறுவனங்கள் ஐம்பது இருக்கை ஜெட் விமானங்களை நூற்றுக்கணக்கில் வாங்கின. பயணிகளும் விசிறி விமானத்தைவிட ஜெட்டையே விரும்பினர். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டபோது, அதே விமானங்கள் சுமையாகிப் போயின. பல பாலைவனங்களில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டன.

தமிழ்நாட்டிலும் ஜெட் முயற்சி ஒன்று நடந்தது. மதுரையைச் சேர்ந்த நூற்பாலைக் குழுமம் ஒன்று தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ், 2005 அக்டோபர் முதல் பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் ஜெட் விமானங்களைச் சென்னையிலிருந்து தென்னக நகரங்களுக்கு இயக்கியது. அவற்றில் இருந்தவை எழுபதுக்கும் சற்று மேலான இருக்கைகளே. இதில் ஒரு நுட்பம் உண்டு. அக்காலத்தில் எண்பது இருக்கைகளுக்கு உட்பட்ட விமானங்களுக்குத் தரையிறங்கு கட்டணம் இல்லை. நாற்பது டன்னுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்களின் எரிபொருளுக்கு விற்பனை வரி 4 விழுக்காடு மட்டுமே. ஜெட்டின் வேகமும் சிறு விமானத்தின் வரிச்சலுகையும் ஒருங்கே கிடைத்தன. கூரிய கணக்குதான். எனினும் குத்தகை தொடர்பான வழக்குகளில் சிக்கி, 2010இல் அந்நிறுவனம் பறப்பதை நிறுத்தியது.

அரசு கைகொடுத்தபோது

எளிய மக்களும் பறக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் கேப்டன் கோபிநாத் 2003இல் தொடங்கிய ஏர் டெக்கான், சிறு நகரங்களை ஏ.டி.ஆர். விமானங்களால் இணைத்தது. அவரது வாழ்வைத் தழுவி வந்த ‘சூரரைப் போற்று’ திரைப்படத்தை மாணவர்கள் பலரும் கண்டிருக்கக்கூடும். படம் வெற்றியோடு முடிகிறது. உண்மையில் அந்நிறுவனம் இழப்பைத் தாங்காமல் 2008இல் கிங்ஃபிஷருடன் இணைந்தது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரும் பறப்பதை நிறுத்தியது.

தனியார் முயற்சி மட்டும் போதாது என்பதை உணர்ந்த ஒன்றிய அரசு 2016 அக்டோபரில் ‘உடான்’ திட்டத்தை அறிவித்தது. இதன்படி ஒவ்வொரு விமானத்திலும் பாதி இருக்கைகளை, அதாவது 9 முதல் 40 வரையிலான இருக்கைகளை, வரையறுத்த கட்டணத்தில் விற்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்திற்கு அக்கட்டணம் ரூ.2,500 எனத் தொடக்கத்தில் குறிக்கப்பட்டது. அதனால் ஏற்படும் இழப்பை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடு செய்யும். அதில் 20 விழுக்காடு மாநில அரசின் பங்கு. ஒன்றியத்தின் பங்குக்கான நிதி, பெருநகர வழித்தடங்களில் பறக்கும் விமானங்களிடம் தண்டப்படும் தீர்வையிலிருந்து வருகிறது. சென்னையிலிருந்து தில்லி செல்பவர் செலுத்தும் கட்டணத்தின் ஒரு துளி, காமலாபுரத்தில் ஏறுபவரின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது.

திட்டத்தின் பயனை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023இல் ஆராய்ந்தார். முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403இல் விமானம் பறக்கத் தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டுகளை நிறைவு செய்தவை 112. உதவிக்காலம் முடிந்தபின்னும் 2023 மார்ச் வரை நிலைத்தவை 54 மட்டுமே. சேலத்தின் வரலாறு சேலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

எதனோடு போட்டி?

சிறிய விமானத்தின் உண்மையான போட்டியாளர் மற்றொரு விமானம் அன்று, இரயில்தான். இரவு ஏற்காடு விரைவுவண்டியில் ஏறினால் விடியும்போது சென்னையில் இறங்கலாம். 2023 முதல் ஓடும் வந்தே பாரத் இரயில் சேலத்திலிருந்து நான்கு மணி நேரத்திற்குள் சென்னையை அடைகிறது. விமானம் பறப்பது ஒரு மணி நேரமே. ஆனால், காமலாபுரத்துக்குச் செல்லும் நேரம், முன்கூட்டியே சென்று காத்திருக்கும் நேரம், மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் நுழையும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் வேறுபாடு பெரிதாக இல்லை. ஐதராபாத்துக்கோ கொச்சிக்கோ செல்வோரின் நிலை வேறு. அவர்களுக்கு மிஞ்சும் நேரம் கூடுதல். சென்னையை மட்டும் நம்பியிருந்த முந்தைய சேவைகளைக் காட்டிலும் பல நகரங்களை இணைத்துத் தொடங்கிய 2023இன் ஏற்பாடு இந்த வகையில் அறிவார்ந்தது.

நாமக்கல்லுக்குத் தனி விமான நிலையம் இல்லை. அங்கிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் முட்டை, குளிரூட்டப்பட்ட பெட்டகங்களில் கப்பலில் செல்கிறது. விமானத்தை நாடுவது முட்டையன்று, அதன் வணிகம் பேசச் செல்லும் மனிதரே. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழிலில் உள்ளவர்களும் அவ்வாறே. அவர் வடக்கே காமலாபுரத்துக்கு வரலாம். சற்றுக் கூடுதல் தொலைவு தென்கிழக்கே சென்றால் பன்னாட்டு விமானங்கள் உள்ள திருச்சியையும் அடையலாம். எந்தத் திசையில் அவர் மகிழுந்தைத் திருப்புகிறார் என்பதில் அந்த ஏழெட்டுப் பயணிகளின் கணக்கு அடங்கியிருக்கிறது.

ஓடுபாதையின் நீளம்

சேலத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளமுடையது. ஏ.டி.ஆர். விமானத்திற்கு இது தாராளம். பெரிய ஜெட் விமானங்கள் முழுச் சுமையுடன் எழுவதற்கு இது போதாது. சித்திரை வெயிலில் இக்குறை மேலும் கூடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் பொறியின் உந்துவிசையும் குறைந்து, விமானம் இன்னும் நெடுந்தொலைவு ஓடியே எழ வேண்டியிருக்கும்.

ஓடுபாதையை நீட்ட வேண்டுமானால் நிலம் வேண்டும். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டி ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 570 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தும் திட்டம் 2018இல் முன்வைக்கப்பட்டபோது, அங்குள்ள உழவர்கள் கடுமையாக எதிர்த்தனர். அவர்களின் கணக்கும் புறந்தள்ளத்தக்கதன்று. விமானம் வந்தால் தொழில் பெருகும் என்பது எதிர்பார்ப்பு; கிணறும் தென்னையும் கண்முன் உள்ளவை. விமான நிறுவனம் இழப்பு வந்தால் வேறு வழித்தடத்திற்குச் சென்றுவிடலாம். 1993 முதல் மூன்று முறை அவ்வாறு சென்றதை அவ்வூரார் தம் வயல்களில் நின்றே பார்த்திருக்கின்றனர். கையகப்படுத்திய நிலம் மீண்டும் வயலாகத் திரும்புவதில்லை. நீண்ட ஓடுபாதை இல்லாமல் பெரிய விமானம் வராது. நாள்தோறும் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஏறுவர் என்னும் உறுதி இல்லாமல் நீண்ட ஓடுபாதைக்கும் பயன் இல்லை. இவ்விரண்டில் எது முதலில் என்பது இன்னும் முடிவாகாத நிலையில், எழுபது இருக்கை விமானம் காமலாபுரத்தில் இறங்கி, சற்று நேரம் நின்று, ஏறக் காத்திருப்போரை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது.